கூறைச்சேலையில் தைத்த மண்மூட்டை: ஒரு சிற்ப மாணவியின் தேடல்

சிற்பம் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் வரும் முதற் கேள்வி, "அப்ப கோயிலுக்குச் சிலை செய்வியளோ?" என்பதுதான். அதில் பிழையில்லை. எங்கள் சமூகத்தில் சிற்பத்தின் முதல் வீடு கோயில். ஆனால், போர் முடிந்தபின் வன்னியில் பாடசாலைக்குப் போன என் வயதுக்காரர் நாளாந்தம் கடந்துபோன சிற்பங்கள் வேறு. கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம் பெரிய சாம்பல் நிறக் கொங்கிறீற் கனசதுரம் ஒன்று நிற்கிறது. அதை ஒரு ஷெல் துளைத்திருக்கிறது. துளைத்த இடத்திலிருந்து வெடிப்புகள் ஓடுகின்றன. உச்சியில் ஒரு தாமரை மலர்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் நீருக்கு நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்திய இராணுவச் சிப்பாயின் சிலை. கிளிநொச்சியில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியைக்கூட விழுந்தபடியே காட்சிக்கு வைத்து, பக்கத்தில் நினைவுப்பொருள் விற்கும் கடையும் போட்டிருந்தார்கள்.

சிற்ப மாணவி என்ற வகையில் இவையும் எனக்குப் பாடங்கள்தான். அந்தக் கனசதுரம் சொல்வது, உடைக்க முடியாது என நின்ற ஒன்றை உடைத்தோம் என்பதை. அதற்குள் ஆட்கள் இருந்தார்களா என்பதைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவுமில்லை. தண்ணீர்த் தாங்கியின் கதை இன்னும் சுவாரசியமானது. புதிதாக எதையும் செய்யாமல், ஏற்கெனவே உள்ள ஒரு பொருளை எடுத்து நிறுத்தி அதற்குப் புது அர்த்தம் கொடுப்பதை நவீன கலையில் 'கண்டெடுத்த பொருள்' என்பார்கள். எங்களுக்கு வகுப்பில் அதைச் சொல்லித்தர முதலே அரசு எங்கள் ஊரில் செய்து காட்டிவிட்டது.

நான் இப்போது கட்புலக் கலையில் இறுதி வருட மாணவி. களிமண்ணில் தொடங்கி, பிறகு பொருட்களுக்கு வந்து, இப்போது ஆற்றுகைக் கலையில் நிற்கிறேன். "சிற்பத்தை விட்டிட்டியோ?" என்று கேட்கிறார்கள். விடவில்லை. எங்கள் இடத்தில் எது மிஞ்சியதோ அதைத் தேடிப் போனதில் இங்கே வந்து நிற்கிறேன். அந்த வழியையும், வழியில் நான் கற்றுக்கொண்ட கலைஞர்களையும் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நடுகல்லில் கல் எத்தனை பங்கு?

தமிழில் நினைவுச் சிற்பம் என்றால் நடுகல்லில் இருந்துதான் தொடங்கவேண்டும். போரில் இறந்த வீரனுக்குக் கல் நட்டு, பெயரையும் செயலையும் பொறித்து வழிபட்டதைச் சங்க இலக்கியம் பல இடங்களில் பேசுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்துக்கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இதைப் படித்தபோது எனக்குப் பட்டது, செதுக்குவது என்பது இந்த வரிசையில் ஒரு தனித் துறையாக இல்லை என்பதுதான். ஆறும் ஆட்கள் கூடிச் செய்யும் செய்கைகள். கல் அவற்றின் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்திலும் இதே ஒழுங்குதான். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று காதைகளின் பெயர்களே அந்தப் படிகளில் செல்கின்றன. கண்ணகிக்கு இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சியில் கோயில் அமைத்த அந்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் என்று காப்பியம் சொல்கிறது. முல்லைத்தீவு ஆட்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே சனம் பார்க்கப் போவது சிலையை மட்டுமா? நீரெடுத்து வருவதையும் விளக்கு எரிவதையும்தானே.

இதை வைத்துப் பார்த்தால் எங்கள் காலத்து நிகழ்வு ஒன்றும் விளங்குகிறது. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே மீண்டும் அடிக்கல் நடப்பட்டு, ஏப்ரல் 23 ஆம் திகதி புதிய தூபி திறக்கப்பட்டது. இடித்தவர்களுக்கு அது ஒரு கட்டடம். மற்றவர்களுக்கு அது வருடத்தில் ஒருநாள் சுடர் ஏற்றும் இடம். சுடர் ஏற்றும் பழக்கத்தைப் புல்டோசரால் இடிக்க முடியவில்லை; அதனால் தூபி திரும்ப வந்தது. துயிலும் இல்லங்களிலும் அதுதான் நடந்தது. கல்லறைகள் உடைக்கப்பட்டு, சில இடங்களில் மேலே இராணுவ முகாமும் வந்தபின்னும், நவம்பர் 27 இல் பெற்றோர் முகாமுக்கு வெளியே வீதியோரத்தில் நின்றாவது விளக்கேற்றினார்கள்.

பொருட்களைப் பேசவிட்டவர்கள்

அன்றாடப் பொருளைக் கலைக்குள் கொண்டுவந்தவர்களில் எங்களுக்குக் கிட்டிய முன்னோடி ஓவியர் தா. சனாதனன். 2004 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் அவர் வைத்த நிறுவல், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து சேர்த்த நூற்றுக்கணக்கான சாமான்களால் ஆனது. 1981 இல் எரிக்கப்பட்ட நூலகத்தில், புத்தகங்களுக்குப் பதிலாக வீடுகளின் சாமான்கள் வரலாறாக வைக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். 2011 இல் வெளிவந்த அவருடைய இன்னொரு வேலையை 'முற்றுப்பெறாத தோம்பு' என்று தமிழில் சொல்லலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்தில் காணி உரிமையைப் பதிந்த ஏடு. இடம்பெயர்ந்த 80 பேர், இழந்த தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அதை ஒரு கட்டடக் கலைஞர் அளவுப் படமாக்குகிறார். பிறகு ஓவியர் தன் பங்குக்கு ஒரு சித்திரம் தீட்டுகிறார். மூன்றும் அலுவலகக் கோவைபோல ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது முதற் படம், சனம் தன் கையால் கீறியது. கிணறு வீட்டைவிடப் பெரிதாக இருக்கும். மாமரம் அறையளவு இருக்கும். அளவுப் படத்தில் எல்லாம் சரியான அளவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் எது பெரிதாக இருந்தது என்பது போய்விடும்.

தெற்கில் சந்திரகுப்த தேனுவர 1997 இல் சென்றிப் பரல்களை எடுத்துக் காட்சிக்கு வைத்தார். தாரும் எண்ணெயும் வந்த பரல்கள், உருமறைப்பு நிறம் பூசி, மண் நிரப்பி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நின்றவை. 'பரலிசம்' என்றே அதற்குப் பெயரும் வைத்தார். சீதுவைக்குக் கிட்ட ரத்தொளுவைச் சந்தியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னமும் அவருடைய வடிவமைப்புத்தான். அங்கே ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 27 ஆம் திகதி சிங்களத் தாய்மார் படங்களோடு கூடுகிறார்கள். எங்கள் தாய்மாரில் பலருக்கு அந்த இடம் இருப்பதே தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக் கலைஞர்களில் நான் திரும்பத் திரும்பப் போவது கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோவிடம். 1990களின் தொடக்கத்தில் அவர் ஒரு வேலை தொடங்கினார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சப்பாத்துகளை, பெரும்பாலும் பெண்களுடையவை, குடும்பங்களிடமிருந்து பெற்றார். சுவரில் சின்னச் சின்ன மாடம் வெட்டி அவற்றை உள்ளே வைத்தார். மாடத்தின் வாயை மெல்லிய விலங்குத் தோலால் மூடி, சத்திரசிகிச்சை நூலால் சுவரோடு தைத்துவிட்டார். பார்ப்பவருக்குச் சப்பாத்து மங்கலாகத்தான் தெரியும். கிட்டப் போனாலும் தெளியாது. அவர் வருடக்கணக்காகக் குடும்பங்களோடு இருந்து கதை கேட்டவர். ஆனால் வேலையில் பெயரில்லை, கதையில்லை, படமில்லை.

எங்கள் சனத்துக்கு இது ஏன் முக்கியம்? எங்கள் தாய்மார் ஆணைக்குழுக்களுக்கு முன்னும், அலுவலகங்களிலும், பத்திரிகையாளருக்கும், ஆராய்ச்சி மாணவருக்கும் ஒரே கதையை எத்தனை தரம் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தரமும் முழுதாகச் சொல்ல வேண்டும், அழ வேண்டும், எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்வார். கதையைக் கேட்டும் அதை வெளியே விற்காமல் ஒரு கலைஞர் இருக்கலாம் என்பதை நான் சால்செடோவிடம்தான் கண்டேன்.

அவருடைய இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். 2016 சமாதான உடன்படிக்கைக்குப் பின் கொலம்பியாவின் பார்க் கெரில்லா இயக்கம் கையளித்த ஆயுதங்களில் 37 தொன் உருக்கப்பட்டது. நினைவுத்தூண் எழுப்பச் சொல்லித்தான் அவரிடம் கேட்டார்கள். அவர் தூண் எழுப்பவில்லை. போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களை அழைத்து, உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடிக்கவைத்தார். அந்த அடிகளின் பள்ளமும் மேடும் அச்சாக, உருக்கிய ஆயுதத்தில் தரை ஓடுகள் வார்க்கப்பட்டன. 2018 இல் தலைநகர் பொகோட்டாவில் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில் நீங்கள் ஆயுதத்தின் மேல் நடக்கிறீர்கள். அண்ணாந்து பார்க்க எதுவுமில்லை. கிளிநொச்சிக் கனசதுரத்தையும் இந்தத் தரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், சிற்பத்தில் அரைவாசிப் பாடம் முடிந்துவிடும்.

பொருள் மிஞ்சாத இடம்

இந்த வேலைகளையெல்லாம் படித்துவிட்டு ஊரில் பொருட்கள் தேடினேன். எங்கள் பக்கத்தின் பிரச்சினை அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. பொருட்களை வைத்து நினைவைப் பேச, முதலில் பொருள் தப்பியிருக்கவேண்டும். 1995 இல் வலிகாமத்தை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது, பல வீடுகளில் உடைந்ததாவது, கிழிந்ததாவது ஏதோ கிடந்தது. புலம்பெயர்ந்தவர் பெட்டியில் ஒரு படமாவது போயிற்று. வன்னியின் கடைசிக் காலத்தில் அப்படியில்லை.

சாமான்கள் எப்படிக் கழன்றன என்பதற்கே ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் இடம்பெயர்வில் உழவு இயந்திரப் பெட்டியில் கூரை ஓடு, கதவு, நிலை, தையல் மெசின், கோழிக்கூடு எல்லாம் ஏறின. அடுத்ததில் ஓடும் கதவும் நின்றுவிட்டன. விசுவமடு தாண்ட மெசின் நின்றது. புதுக்குடியிருப்பில் பாத்திரங்களை மண்ணில் தாட்டார்கள். மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போனது சைக்கிளில் கட்டிய மூட்டை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்தது ஒரு சொப்பிங் பை. அதுகூட இல்லாமல் வந்தவர்கள் பலர். அதனால் நான் போன வீடுகளில், "போருக்கு முந்தின சாமான் ஏதும் இருக்கோ அன்ரி?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாங்கள்தான் மோள் இருக்கிறம்."

அந்தப் பதிலை நான் சொற்படியே எடுத்துக்கொண்டேன்.

பொருட்களைப் பற்றிக் கேட்கும்போது அடிக்கடி வந்த சொல் சேலை. கடைசி மாதங்களில் உரப்பைகள் முடிந்துவிட்டன. கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் சுவர் நிற்காது, சரியும். கொஞ்சம் ஆழம் போனால் தண்ணீர் ஊறும். பனங்குற்றியும் தென்னங்குற்றியும் கிடைக்காத இடத்தில் மண்மூட்டையை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே பெண்கள் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். வீட்டில் உடுத்த சேலை முதலில். பிறகு நல்லநாள் பெருநாள் சேலை. கடைசியில் கூறைச்சேலை.

இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், சோகத்தின் உச்சமாக. நான் கேட்ட பெண்கள் அப்படித் தொடங்கவில்லை. அவர்கள் தொழில் பேசினார்கள். ஒரு சேலை ஐந்தரை மீற்றர் வரும். ஐந்தாக வெட்டி, மடித்து, பக்கம் தைத்தால் ஐந்து மூட்டை. நைலெக்ஸ் சேலைதான் திறம், மழைக்கு உக்காது. பருத்தி நனைந்தால் இற்றுப்போகும். பட்டு பார்க்க உறுதி, ஆனால் தையல் போட்ட இடத்தில் இழை விலகி மண் ஒழுகும். இரண்டு மடிப்பாகத் தைக்கவேண்டும். முழுக்க நிரப்பினால் தூக்கேலாது, முக்கால்வாசிதான். நூல் முடிந்தபோது உரப்பையின் நைலோன் இழையை உருவி ஊசியில் கோத்தார்கள். மூட்டையின் வாயை விரித்துப் பிடிப்பது சின்னப்பிள்ளைகளின் வேலை. அந்த வேலையை ஒன்பது வயதில் நானும் செய்திருக்கிறேன். மண் கொட்டும்போது துணி கையை இழுக்கும் இழுவை எனக்கு இப்போதும் தெரியும்.

சிற்பத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் எல்லாமே அந்த மூட்டைக்குள் இருக்கிறது: திணிவு, கனம், உள்ளிருந்து தள்ளும் விசை, அதைப் பிடித்துவைக்கும் தோல். பங்கர் அதன் மறுபக்கம், வெற்றிடத்தால் ஆன வடிவம். பிரித்தானியச் சிற்பி ரேச்சல் வைற்றீட் 1993 இல் கிழக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டின் உள்வெளி முழுவதையும் கொங்கிறீற்றால் வார்த்து, வெளிச்சுவரை அகற்றிவிட்டார். ஆட்கள் புழங்கிய காற்று கல்லாகி நின்றது. சில மாதங்களில், 1994 ஜனவரியில், அதை இடித்துவிட்டார்கள். பங்கரின் உள்வெளியை அப்படி வார்க்கலாமா என்று நானும் யோசித்துச் சின்ன மாதிரி ஒன்று செய்து பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஊர்ப் பெண் ஒருவர் பார்த்துவிட்டு, "இது ஆமி செய்து வைச்ச மாதிரி இருக்கு" என்றார். கொங்கிறீற்றை எங்கள் ஊரில் யார் என்ன செய்யப் பயன்படுத்தினார்கள் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. ஒரு மூலப்பொருள் எந்த ஊரிலும் வெறும் மூலப்பொருளாக இருப்பதில்லை.

ஆற்றுகை என்றால் நடிப்பு அல்ல

ஈழத்தில் ஆற்றுகை என்ற சொல்லை நாடகத்துக்கும் கூத்துக்கும் பயன்படுத்துகிறோம். ஆற்றுகைக் கலை அதிலிருந்து கொஞ்சம் விலகியது. அதில் பாத்திரம் இல்லை, வசனம் பெரும்பாலும் இல்லை. செய்பவர் தானாகவே இருப்பார், எடுக்கும் நேரம் உண்மையான நேரம், களைப்பும் உண்மை. மரீனா அப்ரமோவிச் 1997 இல் வெனிஸ் கண்காட்சியில் நான்கு நாட்கள் மாட்டெலும்புக் குவியலின் மேல் இருந்து இரத்தத்தைத் தேய்த்துக் கழுவினார். பொஸ்னியப் போரைப் பற்றி அதில் விளக்கம் எதுவும் இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது குவாத்தமாலாவின் ரெஜினா ஹோசே கலிண்டோ. இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மொன்ட் ஜனாதிபதித் தேர்தலில் நிற்க 2003 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அனுமதித்தது. கலிண்டோ ஒரு கறுப்புச் சட்டையோடு, மனித இரத்தம் நிரப்பிய கிண்ணம் ஒன்றை ஏந்திக்கொண்டு, அந்த நீதிமன்றத்திலிருந்து தேசிய மாளிகைவரை நடந்தார். இடைக்கிடை கிண்ணத்தைக் கீழே வைத்துக் காலைத் தோய்த்தார். தெரு நீளத்துக்குப் பாதத் தடங்கள். மொன்ட் தேர்தலில் தோற்றார். 2013 மே மாதம் இனப்படுகொலைக் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். பத்து நாளில் அதே அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. கலை நீதி வாங்கித்தரும் என்று யாரும் நினைக்கவேண்டாம் என்பதற்காகவே முடிவையும் சேர்த்து எழுதுகிறேன்.

இவர்களைப் படித்தபிறகு எங்கள் ஊரைப் பார்த்தால், ஆற்றுகைக் கலை இங்கே வெகுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் 2000 நாட்களைத் தாண்டியும் தொடர்ந்தது. பிள்ளையின் படத்தை நெஞ்சு உயரத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிலையை நாங்கள் எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டோம். படம் மங்க மங்கப் புதிதாக லமினேற் செய்கிறார்கள். படத்தில் இருப்பவருக்கு வயது ஏறவில்லை, பிடித்திருக்கும் கைக்கு ஏறுகிறது. பிடித்திருந்த பலர் இறந்தும்விட்டார்கள்.

முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அப்படித்தான். அரிசி, தண்ணீர், உப்பு. மே மாதத்தில் வீதியோரத்தில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் நின்றபடி குடித்துவிட்டுப் போகிறார். பேச்சு வேண்டியதில்லை. அந்தக் காலம் தெரியாத பிள்ளைக்கும் அதன் சப்பை நாக்கில் ஏறுகிறது. இந்தக் கஞ்சிக்காக 2024 மே மாதம் சம்பூரில் மூன்று பெண்கள் உட்பட நான்கு பேரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். ஒரு தூபிக்குப் பயப்படுவது போலவே ஒரு பானைக் கஞ்சிக்கும் பயப்படுகிறார்கள் என்றால், நினைவு எதில் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஏழு சேலைகள்

என் இறுதி வருட வேலை இதுதான்: மண்மூட்டை தைத்த பெண்களோடு இருந்து மீண்டும் மண்மூட்டை தைப்பது. ஊர் ஊராகக் கேட்டதில் ஏழு பேர் சம்மதித்தார்கள். சம்மதிக்காதவர்கள் அதைவிடக் கூட. ஒருவர் படலையிலேயே, "அது முடிஞ்ச கதை பிள்ளை, என்னை அதுக்குள்ள திரும்ப இருத்தாதை" என்று சொல்லித் தேத்தண்ணீர் தந்து அனுப்பினார். நான் திரும்ப அந்தப் படலைக்குப் போகவில்லை.

சம்மதித்தவர்கள் போட்ட நிபந்தனைகள்தான் வேலையின் வடிவத்தைத் தீர்மானித்தன. நான் பழைய சேலைகள் வாங்கி வெட்டித் தைக்கலாம் என்று திட்டம் வரைந்திருந்தேன். ஏழு பேரும் தங்கள் சேலையையே கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஆனால், "வெட்டாமல் தை. அப்ப வெட்டினது காணும்." வெட்டாமல் எப்படி மூட்டை தைப்பது? ஒரு அன்ரிதான் வழி சொன்னார். சேலையை முழுதாகவே அடுக்கடுக்காக மடித்து, பெரிய நூலோட்டத்தில் கோத்தால் மூட்டையாக நிற்கும். நூலை இழுத்தால் பழையபடி சேலை. இரண்டாவது நிபந்தனை, முகத்தைப் படம் எடுக்கக்கூடாது, கை மட்டும். மூன்றாவது, மே மாதம் வேண்டாம். நான்காவது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது: மத்தியானச் சாப்பாடு மீன் குழம்போடு இருக்கவேண்டும், "கஞ்சி கிஞ்சி காய்ச்சிப் போடாதை."

ஒரு பொதுமண்டப முற்றத்தில், கடற்கரையில் இருந்து ஏற்றிய ஒரு லான்ட்மாஸ்ரர் மணலைச் சுற்றி இருந்து, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் வரையில். நான் மூட்டையின் வாயைப் பிடித்தேன். கேள்வி எதுவும் கேட்பதில்லை என்று முதலே எனக்கு நானே ஒழுங்கு வைத்திருந்தேன். முதல் அரைமணி நேரம் ஊசி, நூல் பற்றிய கதை மட்டும். பிறகு யாருடைய தையல் நேராக இருந்தது, யார் நித்திரைத் தூக்கத்தில் தன் சட்டையையும் சேர்த்துத் தைத்தாள் என்று சிரிப்பு. பிறகு சத்தம் இல்லை. அந்த மௌனம் எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை. ஒருவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். யாரும் பின்னால் போகவில்லை. முகம் கழுவிக்கொண்டு தானே திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து தைத்தார். உளவளத்துணையில் அனுபவமுள்ள ஓர் அக்காவை முன்கூட்டியே கேட்டு முற்றத்தில் இருக்கச் செய்திருந்தேன். இப்படியான வேலை செய்ய நினைக்கும் மாணவர்கள் அதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

ஏழு மூட்டைகளும் மத்தியானத்துக்கு முன் நிரம்பின. பின்னேரம் நூல்களை இழுத்து மண்ணைக் கொட்டினோம். சேலைகளை அவர்களே உதறி, கிணற்றடியில் அலசிக் கொடியில் போட்டார்கள். நிறம் நிறமாக ஏழு சேலைகள் காற்றில் ஆடியதைப் பார்த்து, வந்திருந்த பிள்ளைகள் அடியில் ஓடி விளையாடினார்கள். அது நான் திட்டமிடாதது.

மதிப்பீட்டுக்கு வந்தபோது, "எல்லாம் சரி, சிற்பம் எங்கே?" என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான், புள்ளி போட ஒரு பொருள் வேண்டும். நான் முன்வைத்தது உருவிய ஏழு நூல்கள். ஒவ்வொன்றும் தைத்தவரின் கைப்போக்குக்கு ஏற்பச் சுருண்டு, மடிந்து, ஊசி போன இடமெல்லாம் நெளிந்திருந்தது. ஒரு நூல் போல இன்னொரு நூல் இல்லை. அதைச் சிற்பம் என்று ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள், ஏற்காதவர்களும் இருந்தார்கள்.

கேட்டு வருபவர்களிடம் நீங்கள் கேட்கவேண்டியவை

போரின் நினைவு இப்போது கலைக்கூடங்களில் பெறுமதியான விடயம். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கலைஞர்கள், ஆய்வாளர்கள், என்னைப்போன்ற மாணவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலானோர் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். என்றாலும், ஒரு படத்தையோ சட்டையையோ கொடுக்க முதல் சில விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் திரும்பி வருமா, எப்போது? எந்த நாட்டில், யார் முன்னால் வைக்கப்படும்? உங்கள் பெயர் வருமா, வராமல் விடலாமா? விற்கப்பட்டால் என்ன? வேலை முடிந்ததும் உங்களுக்குக் காட்டுவார்களா? பதிலை எழுத்தில், தமிழில் கேளுங்கள். இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சம்மதித்தபிறகு மனம் மாறினாலும் உரிமை இருக்கிறது. ஒரு தாய் மகனுடைய சேட்டைத் தர மறுத்தால், அந்தச் சேட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்று அர்த்தம். அவர் அதை அலுமாரியில் வைத்து, எடுத்து, மணந்து, மடித்து வைக்கிறார். அதைவிட எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நன்றாக இருக்கப்போகிறது?

ஏழு சேலைகளில் ஆறை அன்று பின்னேரமே எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழாவது, அரக்கு நிறக் கூறைச்சேலை, சரிகைப் பக்கம் காயவில்லை. அதன் சொந்தக்காரர் மூத்த மகளின் கலியாணத்துக்கு முதல் வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கலியாணம் தையில். மணல் முழுதாகப் போகவில்லை என்பதால் நான் இன்னொருமுறை அலசிப் போடவேண்டும்.